"தெரிந்தும் நான்கு மாதமாகச் சும்மா இருக்கிறேன், நான் கோழையா?"

கேள்வி: எரிவாயு சிலிண்டர்களில் பொருத்தும் வால்வுகளைத் தயாரிக்கும் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வால்வுகளை எடுத்து, அழுத்தம் கொடுத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். நான்கு மாதங்களுக்கு முன்பு ஒருநாள் இரவு ஷிஃப்ட் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். 80 சோதனைகள் எழுதியிருந்தது. மெஷினில் 31தான் ஏறியிருந்தது. அப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன். ஆர்டர் நெருக்கும் நாள்களில் எல்லாம் இப்படித்தான் நடக்கிறது. கையெழுத்துப் போடுபவர் என் சூப்பர்வைசர். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொடுத்து, மேலிடத்தில் பேசி முன்பணமும் வாங்கித் தந்தவர். பிரிவில் உள்ள மற்றவர்களுக்கும் விஷயம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். யாரும் வாய் திறப்பதில்லை. சொன்னால் நான் நன்றி கெட்டவள். சொல்லாவிட்டால் கோழை. பேசாமல் ராஜினாமா செய்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் 'கோழை' என்று உங்களை நீங்களே பலமுறை திட்டிக்கொள்கிறீர்கள். அதை முதலில் நிறுத்துங்கள். வேலையிடத்துச் சிக்கல்களோடு வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுவதுதான் என் தொழில். தவறு ஒன்றைப் பார்த்துவிட்டுத் தவிப்பவர்கள் அநேகமாக எல்லோரும், "நான் எப்படிப்பட்ட ஆள்?" என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை தூக்கம் கெடும், வேறொன்றும் நடக்காது.

ஆம்ஸ்டர்டாமில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பியரோ பொக்கியாரோ, ஃபிலிப் ஜிம்பார்டோ, பால் வான் லாங்கே என்ற உளவியலாளர்கள் செய்தது. மனதைக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய ஒரு சோதனையில் சேரச் சொல்லி, சக மாணவர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதித் தருமாறு மாணவர்களிடம் கேட்டார்கள். தீமைகளைக் குறிப்பிடக் கூடாது, புகழ்ந்துதான் எழுத வேண்டும். வேண்டாம் என்று மறுக்கலாம். நெறிமுறைக் குழுவுக்குப் புகார் செய்யப் படிவமும் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். இந்த நிலைமையை வேறொரு கூட்டத்துக்கு விவரித்து, "நீங்களாக இருந்தால்?" என்று கேட்டபோது 64.5 சதவீதம் பேர் புகார் செய்வோம் என்றார்கள். கீழ்ப்படிந்து எழுதித் தருவோம் என்றவர்கள் வெறும் 3.6 சதவீதம். நிஜமாகவே அந்த அறையில் உட்கார்ந்தவர்களில் 76.5 சதவீதம் பேர் எழுதித் தந்தார்கள். புகார் செய்தவர்கள் 9.4 சதவீதம்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இன்னொரு விஷயம். எழுதித் தந்தவர்களையும் புகார் செய்தவர்களையும் ஆளுமைத் தேர்வுகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் அகப்படவில்லை. ஆகவே உங்கள் மௌனத்துக்கான காரணத்தை உங்கள் குணத்துக்குள் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். அது பெரும்பாலும் நீங்கள் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

"மற்றவர்களுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். கவனியுங்கள், தெரியும் என்று உறுதியாகச் சொல்லவில்லை. நான்கு மாதத்தில் ஒருவரிடம்கூட நீங்கள் கேட்டதில்லை. அவர்களும் உங்களிடம் கேட்டதில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து அவர்களும், "இவளே பேசாமல் இருக்கிறாள், அப்படியானால் பெரிய விஷயமாக இருக்காது" என்று முடிவு செய்திருக்கலாம். பிப் லட்டானேயும் ஜான் டார்லியும் 1968இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் காட்டியது. மாணவர்களை ஓர் அறையில் உட்கார்த்திப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவரில் உள்ள துவாரம் வழியாகப் புகையை உள்ளே விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். எதையும் கண்டுகொள்ளாமல் உட்காரும்படி ஏற்பாடு செய்யப்பட்ட இருவர் கூட இருந்தபோது, எழுந்து போனவர்கள் 10 சதவீதம்தான். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, படிவத்தை நிரப்பினார்கள். பின்னால் கேட்டபோது அது நீராவி என்று நினைத்தோம், ஏ.சி.யிலிருந்து வருகிறது என்று நினைத்தோம் என்றார்கள். பக்கத்தில் இருப்பவர் அமைதியாக இருந்தால், நம் கண்ணையே நம்பாமல் போகிறோம். உங்கள் பிரிவில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து அமைதியாக இருக்கிறீர்கள்.

அடுத்தது, சூப்பர்வைசர். இதுதான் உங்களை உண்மையில் அறுத்துக்கொண்டிருக்கிறது என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது தோள் கொடுத்தவர். அவர் மேல் உங்களுக்கு இருப்பது செஞ்சோற்றுக் கடன் மாதிரியான ஒன்று. அதை அற்பம் என்று தள்ள மாட்டேன். நன்றி மறக்காத மனிதர்களிடம்தான் இந்தத் தவிப்பே வருகிறது. ஆடம் வெய்ட்ஸ், ஜேம்ஸ் டங்கன், லியேன் யங் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தவறைப் பார்த்தபோது வெளியே சொன்ன அனுபவத்தைச் சிலரும் சொல்லாமல் விட்ட அனுபவத்தைச் சிலரும் எழுதினார்கள். சொன்னவர்களின் எழுத்தில் நியாயம், நேர்மை என்ற பேச்சு அதிகம் இருந்தது. சொல்லாமல் விட்டவர்களின் எழுத்தில் விசுவாசம் அதிகம் இருந்தது. இரண்டுமே நல்ல குணங்கள். உங்களுக்குள் நடப்பது நல்லதுக்கும் கெட்டதுக்கும் இடையிலான சண்டையாக இருந்திருந்தால் நான்கு மாதம் இழுத்திருக்காது.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். அவர் உங்களுக்குச் செய்த உதவி உங்களுக்கும் அவருக்கும் நடுவில் உள்ளது. அதை நீங்கள் வேறு எத்தனையோ விதங்களில் திருப்பிச் செய்யலாம். இந்த வால்வைப் பொருத்திய சிலிண்டரை அடுக்களையில் வைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கணக்கில் எந்தப் பங்கும் இல்லை. உங்கள் கடனை அவர் அடைக்க வேண்டியதில்லை.

பயத்தைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. எழுதியவரை, வேலை போய்விடும் என்பதைவிட, பிரிவில் உங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்பதே உங்களை உறுத்துகிறது. இதுவும் சகஜம். ஃபிரான்சஸ் மில்லிகன், எலிசபெத் மாரிசன், பட்ரீசியா ஹ்யூலின் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வுக்காக 40 ஊழியர்களிடம் விரிவாகப் பேசினார்கள். முக்கியம் என்று தோன்றிய ஒரு விஷயத்தைக்கூட மேலதிகாரியிடம் சொல்ல முடியாமல் போன அனுபவம் 85 சதவீதம் பேருக்கு இருந்தது. அவர்கள் அதிகமாகச் சொன்ன காரணம், தங்கள் மீது ஒரு கெட்ட முத்திரை விழும் என்பதுதான். போட்டுக்கொடுக்கிறவள், வம்புக்காரி என்ற பெயர். "சொல்லி என்ன ஆகப்போகிறது" என்ற அலுப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அந்த அலுப்பு பயத்தைவிட மோசம் என்பது என் அனுபவம். பயம் இருப்பவர்கள் வழி தேடுவார்கள். பயனில்லை என்று முடிவு கட்டியவர்கள் தேடுவதையே நிறுத்திவிடுவார்கள். சொல்வதால் பயனே இல்லை என்பது உண்மையும் இல்லை. சான்றிதழ் பெற்ற மோசடித் தணிக்கையாளர்களின் சர்வதேசச் சங்கம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நிறுவனங்களில் பிடிபட்ட மோசடிகளில் 43 சதவீதம் யாரோ தகவல் கொடுத்ததால் வெளிவந்தவை. தகவல் கொடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதே நிறுவனத்து ஊழியர்கள்.

இனி, அந்த நான்கு மாதம். உங்கள் கடிதத்தில் இதைப் போகிறபோக்கில்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். முதல்நாள் பார்த்ததும் சொல்லியிருந்தால் நீங்கள் தகவல் சொன்னவர், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் "ஏன் ஒரு மாதம்?" என்று கேட்பார்கள். நான்கு மாதம் கழித்து, "அத்தனை லாட்டும் வெளியே போகும்போது நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்பார்கள். நாள் ஆக ஆக, அடுத்தவருடைய தவறை மறைப்பது போய், நம்முடைய மௌனத்தை மறைப்பதே பெரிய வேலையாகிவிடுகிறது. இப்படித்தான் பல நேர்மையான மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களைத் தடுப்பது வெட்கம். தாமதத்துக்கு ஒரு விளக்கம் தயாரித்துக்கொண்டு சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். "முன்பே சொல்லியிருக்க வேண்டும், தயங்கிவிட்டேன்" என்ற ஒரு வரி போதும். அதற்கு மேல் உங்களை நீங்களே குற்றக் கூண்டில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை.

இதோடு சேர்ந்து மொழியும் மாறிவிடும். சோதனை செய்யாமல் எண்களை எழுதுவதை உங்கள் பிரிவில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். "ரிஜிஸ்டரை முடிச்சுடு", "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று ஏதாவது ஒன்று இருக்கும். பொய்க் கணக்கு எழுது என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தவறுக்கு ஒரு சாதுவான பெயர் வைத்துவிட்டால், மனசாட்சி அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நீங்கள் தனியாக இருக்கும்போதாவது அதை அதன் சொந்தப் பெயரால் சொல்லிப் பழகுங்கள்.

சரி, என்ன செய்வது?

சொல்ல வேண்டும் என்பது என் கருத்து, அதுவும் சீக்கிரம். இது பயணப்படியில் கொஞ்சம் கூட்டி எழுதிய விவகாரமாக இருந்தால், நிதானமாக யோசியுங்கள் என்று சொல்லியிருப்பேன். கசியும் வால்வு ஆளைக் கொல்லும். அதனால் நாள்களை எண்ணித்தான் ஆக வேண்டும். ஆனால் தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் எதிர்பார்க்கிற அந்தத் தைரியம் வராது. செய்ய வேண்டியது, உங்கள் தனிமையைக் குறைப்பது. சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனைகளில், காட்டிய கோட்டின் அதே நீளம் எந்தக் கோட்டுக்கு இருக்கிறது என்ற எளிய கேள்விக்கு, அறையில் மற்றவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பேசி வைத்தபடி ஒரே தவறான பதிலைச் சொல்ல, சோதிக்கப்படுபவரும் பல தடவை அதையே சொன்னார். சரியான பதிலைச் சொல்லும் ஒரே ஓர் ஆளை நடுவில் உட்கார வைத்ததும், அப்படி ஒத்துப்போவது கால்வாசியாகக் குறைந்துவிட்டது. ஓர் ஆள் போதும்.

வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணக்கு மோசடியை 2002இல் வெளிக்கொண்டுவந்தவர், அங்கே உள்தணிக்கைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த சிந்தியா கூப்பர். 380 கோடி டாலர் அளவுக்குத் தவறாகக் காட்டப்பட்டிருந்ததாக அப்போது நிறுவனமே அறிவித்தது. அவர் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அவர் தனியாக இல்லை. அவருடைய குழுவில் சிலர் சேர்ந்து, யாருக்கும் தெரியாமல் இரவு நேரங்களில் உட்கார்ந்து கணக்குகளைத் தோண்டினார்கள்.

எனவே முதல் வேலை, பிரிவில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் பேசுவது. குற்றச்சாட்டாக ஆரம்பிக்க வேண்டாம். "அன்றைக்கு மெஷினில் 31தான் காட்டியது, ரிஜிஸ்டரில் 80 இருக்கிறது, உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மெஷினின் எண்ணிக்கையை நடுவில் யாராவது பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்களா, ஒரு பகுதிச் சோதனை வேறொரு மெஷினில் நடந்ததா என்பதெல்லாம் தெரியவரும். உங்கள் கணிப்பு தவறாக இருக்க வாய்ப்பு குறைவுதான். இருந்தாலும் ஒருவருடைய பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம், சரிபார்த்துவிடுவது நல்லது.

இன்றே ஒரு நோட்டு வாங்கி, தேதி, ஷிஃப்ட், லாட் எண், மெஷினில் கண்ட எண், ரிஜிஸ்டரில் கண்ட எண் ஆகியவற்றை எழுதத் தொடங்குங்கள். நீங்களே கண்ணால் பார்த்ததை ஒரு பக்கம், பிறர் சொல்லிக் கேட்டதை இன்னொரு பக்கம் என்று பிரித்து எழுதுங்கள். அலுவலகக் கம்ப்யூட்டரிலோ அலுவலக ஈமெயிலிலோ இதை வைத்துக்கொள்ள வேண்டாம். ரிஜிஸ்டரை வீட்டுக்கு எடுத்து வருவது, நிறுவன ஆவணங்களைப் படம் பிடித்து அனுப்புவது போன்றவற்றை, தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரைக் கேட்காமல் செய்யாதீர்கள். புகார் செய்பவருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். எந்த வழியாகச் சொன்னால் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது, ஒரு மணி நேர ஆலோசனைக் கட்டணத்துக்குத் தகும்.

அப்புறம், எழுத்தில் சொல்லுங்கள். தரப் பிரிவின் தலைவருக்கோ, நிறுவனத்தில் முறைகேடுகளைத் தெரிவிப்பதற்கென்று வழி இருந்தால் அங்கேயோ. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இன்ன தேதியில் இது, இன்ன தேதியில் இது, இந்த லாட்டுகளை மறுபடியும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சூப்பர்வைசரின் நேர்மையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். ஏன் அப்படிச் செய்தார் என்று நீங்கள் ஊகிக்கவும் வேண்டாம். ஆளைப் பற்றி எழுதினால் விசாரணை ஆளைச் சுற்றியே ஓடும். எண்களைப் பற்றி எழுதினால் யாராவது ஒருவர் மெஷின் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும்.

சூப்பர்வைசரிடம் முதலில் சொல்ல வேண்டாமா என்று உங்கள் மனம் கேட்கும். இந்த இடத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களிலேயே சிலர் மாறுபடுவார்கள். முதலில் அவரிடம் பேசுவதுதான் முறை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் உங்களிடம் ஒரு வாரம் பொறு என்பார், இனிமேல் நடக்காது என்பார். உங்களால் அவரிடம் மறுத்துப் பேச முடியாது. ஏற்கெனவே வெளியே போன லாட்டுகள் அப்படியே இருக்கும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே போய் அவரைப் பாருங்கள். "இதை இன்னொருவர் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது என்று வந்தேன். நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை" என்று சொல்லுங்கள். அவர் கோபப்படலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். அவருக்கு மேலே இருந்து என்ன நெருக்கடி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது. 80 சோதனைக்குப் போதிய நேரமே கொடுக்காமல் ஒருவர் மேலே உட்கார்ந்திருக்கலாம். விசாரணையில் அது வெளிவந்தால் அவருக்கும் நல்லதுதான்.

இதற்குப் பிறகு எல்லாம் சுமுகமாக நடக்கும் என்று சொன்னால் உங்களை ஏமாற்றியதாகிவிடும். சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டில் இருந்த ரப்பர் வளையங்கள் சரியாக மூடாமல் போனால் உயிர்ப்பலி நேரும் என்பதை ரோஜர் பாய்ஸ்ஜாலி என்ற பொறியாளர் 1985 ஜூலையிலேயே எழுத்தில் எச்சரித்தார். 1986 ஜனவரியில், ஏவுவதற்கு முதல்நாள் இரவும், குளிரில் அவை சரியாக மூடாது என்று சக பொறியாளர்களோடு சேர்ந்து வாதாடினார். கேட்கவில்லை. ஏழு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு முன்னால் உண்மையைச் சொன்ன பிறகு, அவர் வேலை பார்த்த இடத்தில் பலர் அவரை ஒதுக்கினார்கள். உங்கள் விஷயம் அவ்வளவு பெரியதாகப் போகாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் வந்ததும் பேச்சு நிற்பது, இதுவரை இல்லாத குறைகளை உங்கள் வேலையில் திடீரென்று கண்டுபிடிப்பது, இதெல்லாம் நடக்கக்கூடும். அப்படி நடந்தால் அதையும் தேதி போட்டு அதே நோட்டில் எழுதுங்கள். இந்த ஒன்பது ஆண்டுகளில் உங்கள் வேலையைப் பாராட்டி உங்களுக்குக் கொடுத்த கடிதங்கள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் ஒருவரிடமாவது முழு விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாரிடமும் சொல்லாமல் சுமப்பவர்கள்தான் பாதி வழியில் உடைந்துபோகிறார்கள்.

இன்னொன்றும் நடக்கும். முழு உண்மையையும் நானே கண்டுபிடித்து நிரூபித்துவிட வேண்டும் என்ற வெறி பிடிக்கும். ராத்திரி பகலாக அதே நினைப்பு ஓடும். நீங்கள் சாட்சி, துப்பறிவாளர் இல்லை. பார்த்ததைச் சொன்னதோடு உங்கள் வேலை முடிந்தது, தோண்டுவது அவர்கள் வேலை.

பதில் எத்தனை நாளில் வர வேண்டும்? ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த சட்ட நெறிமுறை, புகார் கிடைத்ததை 7 நாள்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், எடுத்த நடவடிக்கையை 3 மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. முதல் பாதியை உங்களுக்கும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பாதி உங்களுக்குப் பொருந்தாது. கசிவு விஷயத்தில் மூன்று மாதம் உட்கார்ந்திருக்க முடியாது. ஒரு வாரத்தில் அந்த லாட்டுகளை எடுத்து மறுபடி சோதிக்கிறார்கள் என்பதற்கு அறிகுறியே இல்லை என்றால், வழக்கறிஞரோடு கலந்துகொண்டு, இந்த வால்வுகளுக்குச் சான்று வழங்கும் அமைப்புக்கோ பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசுத் துறைக்கோ எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கான முகவரியை இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜினாமா வேண்டாம், இப்போதைக்கு. வேலையை விட்டுப் போனவர் சொன்னால், கோபத்தில் சொல்கிறார் என்று தள்ளிவிடுவது சுலபம். மெஷின் பக்கம் போய்ப் பார்க்கும் வாய்ப்பும் உங்களுக்குப் போய்விடும். கடிதத்தைக் கொடுத்து, நடப்பது என்ன என்று பார்த்த பிறகும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றால் அப்போது வேறு வேலை தேடலாம். அதற்கு முன்னால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.